நூல் வாங்கினால் பனியன் ஆகிவிடுமா?

ஒரு கிலோ நூல் என்ன விலை?

திருப்பூர்ப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பனியன் கம்பெனி முதலாளி சொல்வார். தையல்காரர் சொல்வார். கம்பெனி வாசலில் டீ ஆற்றுகிறவரும் சொல்வார்.

ஆனால், நூல் விலையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முதலாளியாவது பனியனுக்கு விலை சொல்வாரா? மாட்டார்!

நூல் வந்ததும் அதை நிட்டிங் மெஷினில் துணியாக்க வேண்டும். சாயம் போட வேண்டும். கட்டிங் மாஸ்டர் வெட்ட வேண்டும். தையல்காரர் தைக்க வேண்டும். பிசிறு வெட்ட வேண்டும். செக்கிங் பார்க்க வேண்டும். இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். நடுவே கழிவாகப் போகிற துணிக்கும் கணக்கு உண்டு. இத்தனையையும் கூட்டி, அதற்குப் பிறகுதான் ஒரு பனியனின் விலை பிறக்கிறது. இதற்குத் திருப்பூரில் ‘காஸ்டிங்’ என்று பெயர்.

காஸ்டிங் போடாமல் ஆர்டர் எடுத்தவர் கடையை மூட வேண்டியதுதான். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இவ்வளவு கணக்குத் தெரிந்த ஊர்களில், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இளைஞர்கள் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

அது என்ன?

மோட்டார் கார்!

ஆசை தப்பு அல்ல

சொந்தமாக ஒரு கார் செய்து பார்க்க வேண்டும் என்று பல இளைஞர்களுக்கு ஆசை. இரும்புக் குழாய்களை வளைத்து ஒரு சட்டம். அதில் நாலு சக்கரம், இரண்டு இருக்கை. பிறகு, எங்கிருந்தோ ஒரு பழைய என்ஜின். கொஞ்ச நாள் ஓட்டியதும் அந்த என்ஜின் போதவில்லை என்று தோன்றும். அதைக் கழற்றிவிட்டு வேறு என்ஜின் போட ஆசை வரும்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட கார்களுக்குப் பாகங்கள் எல்லாம் ஒரு தொகுப்பாகவே கடையில் விற்பனைக்கு வருகின்றன. வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும். ‘கிட் கார்’ என்று சொல்வார்கள்.

இந்த ஆசை தப்பா? இல்லவே இல்லை! இது கொங்கு மண்ணுக்குப் பழகிய ஆசை.

பொள்ளாச்சியில் இருந்து உடுமலை வழியாகப் பழனிக்குப் போகும் பாதையில் மடத்துக்குளம் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊர்தான் கணியூர். அமராவதி ஆறு பாயும் பகுதி. இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது.

1920-ம் ஆண்டில் இந்தப் பொள்ளாச்சி–பழனி வழியில் ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. அந்த பஸ்சின் முதலாளி யார்? ஓட்டியவர் யார்? இரண்டும் ஒரே ஆள். அவர்தான் ஜி.டி.நாயுடு!

முதலில் சேமிப்பு, பிறகு ஸ்பேனர்

ஜி.டி.நாயுடு 1893-ல் கோவைக்கு அருகில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை.

வாலிப வயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று மனது துடித்தது. கையில் காசு இல்லை.

என்ன செய்தார்? கடன் வாங்கினாரா? தோட்டத்தை அடமானம் வைத்தாரா?

இல்லை. கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சேர்த்து வைத்தார். பணம் சேர்ந்த பிறகு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதைப் பாகம் பாகமாகக் கழற்றினார். மறுபடி பூட்டினார். இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கழற்றிப் பூட்டிய திறமையையே புகழ்கிறார்கள். அதற்கு முன்னால் காசு சேர்த்த பொறுமையை மறந்துவிடுகிறார்கள். முதலில் சேமிப்பு. பிறகு வண்டி. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். இந்த வரிசைதான் முக்கியம்.

2 ஆயிரம் ரூபாய் கார்

அதே ஜி.டி.நாயுடு 1952-ல் ஒரு காரையே செய்து காட்டினார். இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான்!

அந்தக் கார் ஏன் ஊரெல்லாம் ஓடவில்லை? என்ஜின் கோளாறா? இல்லை. தயாரிக்க அரசாங்கம் லைசென்சு கொடுக்கவில்லை. அதனால் உற்பத்தி நின்றுபோனது.

மூளை இருந்தது. பட்டறை இருந்தது. பணம் இருந்தது. காகிதம் இல்லை. அவ்வளவுதான், கார் நின்றுவிட்டது! ஜி.டி.நாயுடுவுக்கே இந்த நிலை என்றால், மற்றவர்கள் காகிதத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியுமா?

ஆகவே, என்ஜின் மாற்ற நினைப்பவர் போட வேண்டிய கணக்குகள் இரண்டு. ஒன்று, பணக் கணக்கு. இன்னொன்று, சட்டக் கணக்கு. இரண்டும் சரியாக வந்த பிறகுதான் பட்டறைக் கதவைத் திறக்க வேண்டும்.

எந்த என்ஜின்?

பணக் கணக்கு, எந்த என்ஜின் என்பதில் தொடங்குகிறது.

இங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. பெரிய என்ஜின், அரிய என்ஜின், வெளிநாட்டு என்ஜின் என்று கண் அலைபாயும். ஆனால், விவரம் தெரிந்தவர்கள் தேர்ந்தெடுத்தது என்ன?

இங்கிலாந்தில் காலின் சாப்மேன் என்ற என்ஜினீயர் 1957-ல் ‘லோட்டஸ் செவன்’ என்ற சிறிய காரை வெளியிட்டார். முழுக் காராக வாங்கினால் அந்த நாட்டில் விற்பனை வரி அதிகம். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. அதனால் அங்கே கிட் கார்களுக்கு நல்ல கிராக்கி. 1973-ல் வரி முறை மாறியதும் அந்த லாபம் போய்விட்டது.

பந்தயக் காருக்கு நிகரான அந்தக் காரில் இருந்த என்ஜின் எது தெரியுமா? சாதாரணக் குடும்பங்கள் ஓட்டிய போர்டு காரின் என்ஜின்!

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோவையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

எஸ்.கரிவரதன் என்பவர் கோவைக்காரர். கார் பந்தய வீரர். ஒரு பந்தயக் காரை வெளிநாட்டில் இருந்து வரவழைக்கும் செலவில், இந்திய இளைஞன் எப்படிப் பந்தயம் பழகுவான் என்று யோசித்தார். இங்கேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். அதில் மாருதி என்ஜினைப் பொருத்தினார். ‘பார்முலா மாருதி’ பந்தயங்கள் பிறந்தன.

ஏன் மாருதி என்ஜின்? அதுதான் தெருவுக்குத் தெரு ஓடியது. அதன் பாகங்கள் எல்லா ஊரிலும் கிடைத்தன. எல்லா மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி.

பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கோவை வீரர் நாராயண் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூரில் தமது முதல் பந்தயத்தை ஓட்டியது இந்த பார்முலா மாருதியில்தான். அவர் 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த இரண்டு கதைக்கும் பாடம் ஒன்றுதான். என்ஜினின் குதிரைச் சக்தியைப் பார்ப்பதற்கு முன்னால், அதன் கேஸ்கெட் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்!

ஒரே என்ஜின், இரண்டு வண்டி

இன்னொரு நுணுக்கமும் உண்டு.

மாருதி 800 காரும், மாருதி ஆம்னி வேனும் பலருக்குத் தெரியும். இரண்டிலும் இருப்பது 796 சி.சி. என்ஜின். மூன்று சிலிண்டர். ஆனால் 800 காரில் அந்த என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. முன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆம்னியில் அதுவே நீளவாக்கில் உட்கார்ந்து, பின் சக்கரங்களைச் சுழற்றுகிறது.

இது தெரியாமல், பின் சக்கரத்தால் ஓட வேண்டிய சட்டத்துக்கு 800 காரின் என்ஜினையும் கியர் பெட்டியையும் வாங்கி வந்தால் என்ன ஆகும்? பொருந்தாது. கியர் பெட்டியை மாற்ற வேண்டும். இரண்டாவது தடவை செலவு!

ஆகவே, வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுத்து அளக்க வேண்டும். என்ஜினின் நீளம், அகலம், உயரம் என்ன? அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி தரையில் இடிக்குமா? மேல் மூடி சாத்த முடியுமா? ஸ்டீயரிங் கம்பி குறுக்கே வருகிறதா? ரேடியேட்டருக்கு இடம் இருக்கிறதா? அட்டையில் என்ஜின் அளவுக்கு ஒரு பெட்டி செய்து, சட்டத்துக்குள் வைத்துப் பார்த்துவிடலாம். அட்டை வெட்டினால் நஷ்டம் இல்லை. இரும்பை வெட்டினால் நஷ்டம்.

பனியன் கம்பெனியில் சாம்பிள் தைக்காமல் ஆயிரம் பீஸ் வெட்டுவது உண்டா? அதுபோலத்தான் இதுவும்.

வீட்டில் நடக்கும் பேச்சு

கணியூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். கணவன் தென்னந்தோப்பில் ஓட்டுவதற்காக ஒரு சின்ன வண்டி செய்து வைத்திருக்கிறான். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். தீபாவளி போனஸ் வந்திருக்கிறது.

“உக்கடத்துல ஒரு என்ஜின் சொல்லி வெச்சிருக்கேன். நாப்பதாயிரம். கியர் பெட்டியும் சேர்த்து! பழசைக் கழட்டிட்டு அதைப் போட்டா வண்டி பறக்கும்” என்கிறான் அவன்.

“நாப்பதாயிரம் என்ஜினுக்குங்க. வண்டிக்கு எவ்வளவுங்க?” என்று கேட்கிறாள் அவள்.

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“எப்படிங்க ஒண்ணாகும்? நூல் விலையும் பனியன் விலையும் ஒண்ணுங்களா?”

அவனுக்குப் பதில் இல்லை!

அவள் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தில் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதிலை ஒரு பென்சிலும் நோட்டும் எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும்.

காஸ்டிங் போட்டால்...

கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி இவை மாறும். ஆனால் தலைப்புகள் மாறாது.

என்ஜின், கியர் பெட்டி: 40 ஆயிரம் ரூபாய்.

என்ஜினைத் தாங்கும் மவுண்டுகள், வெல்டிங், லேத் வேலை: 12 ஆயிரம்.

ரேடியேட்டர், காற்றாடி, தண்ணீர்க் குழாய்கள்: 8 ஆயிரம்.

சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாப்ட், அதை அளவுக்கு வெட்டிச் சேர்க்கும் கூலி: 10 ஆயிரம்.

சைலன்சரும் புகைக்குழாயும்: 6 ஆயிரம்.

ஒயரிங், பெட்ரோல் பம்பு, குழாய்: 9 ஆயிரம்.

புது கிளட்ச், கேஸ்கெட், பெல்ட், ஆயில்: 11 ஆயிரம்.

பிரேக்: 14 ஆயிரம்.

என்ஜினை ஏற்றி இறக்கும் வண்டி வாடகை, கூலி: 5 ஆயிரம்.

கூட்டினால் 1 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய்.

இதோடு முடிந்ததா? இல்லை. பனியனில் கழிவுத் துணிக்கு ஒரு பங்கு ஒதுக்குவது போல, இதிலும் ஒதுக்க வேண்டும். திறக்காத என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மொத்தத்தில் கால் பங்காவது தனியே வைக்க வேண்டும். அது ஏறக்குறைய 29 ஆயிரம்.

ஆக மொத்தம் 1 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய்!

40 ஆயிரம் என்று தொடங்கியது மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. யாரும் ஏமாற்றவில்லை. எல்லாம் நியாயமான செலவுதான். முன்கூட்டி எழுதிப் பார்க்கவில்லை என்பதுதான் குற்றம்.

பாதியில் நிற்கும் வண்டி

எழுதிப் பார்க்காதவர்களின் கதை பெரும்பாலும் எங்கே முடிகிறது? பட்டறையின் மூலையில்!

பழைய என்ஜினைக் கழற்றி விற்றாகிவிட்டது. புது என்ஜின் சாக்கில் கட்டிக் கிடக்கிறது. மேற்கொண்டு பணம் இல்லை. மெக்கானிக் வேறு வேலைக்குப் போய்விட்டார். மழை பெய்கிறது. துரு ஏறுகிறது.

ஓடுகிற வண்டிக்கு ஒரு விலை உண்டு. என்ஜினுக்கு ஒரு விலை உண்டு. பாதி கழற்றிய வண்டிக்கு? பழைய இரும்பு எடை விலைதான்!

இதைத் தவிர்க்கச் சில எளிய விதிகள் உண்டு.

முதலாவது: எல்லாப் பாகமும் கைக்கு வரும் வரை பழைய என்ஜினைக் கழற்றக்கூடாது.

இரண்டாவது: என்ஜினைத் தனியாக வாங்குவதைவிட, விபத்தில் நொறுங்கிய முழு வண்டியாக வாங்குவது பல சமயம் லாபம். ஒயர், பம்பு, ரேடியேட்டர், சாவி, கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். புதிய காலத்து என்ஜின்களுக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியும் சாவியும் ஜோடி சேராவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. பழைய கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்கு உதவாது. அதற்குப் பல மடங்கு அழுத்தம் வேண்டும்.

மூன்றாவது: சென்னை புதுப்பேட்டையிலோ, கோவை உக்கடத்திலோ பழைய என்ஜின் வாங்கும்போது பில் கேட்டு வாங்க வேண்டும். என்ஜின் நம்பர் அழிக்கப்பட்டு இருந்தால் தொடவே கூடாது. அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால், பணமும் போகும், மானமும் போகும்.

நாலாவது: வாங்கும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால், உள்ளே நோய் இருக்கிறது.

ஐந்தாவது: மெக்கானிக்கின் கூலியை மொத்தமாக முன்பணம் கொடுக்கக்கூடாது. வேலை முடிய முடியக் கொடுக்க வேண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: பழைய என்ஜினையே பிரித்து, போரிங் செய்து, ரிங், வால்வு மாற்றினால் போதாதா? பல வண்டிகளுக்கு அது போதும். செலவும் குறையும். கழற்றிப் பூட்டும் ஆசையும் தீரும்!

பிரேக்கில் மிச்சம் பிடிக்காதே!

பணம் தட்டுப்பட்டால், வீட்டில் எந்தச் செலவைக் குறைப்பது என்று யோசிப்பது வழக்கம். இந்தக் கணக்கில் பலர் குறைப்பது எதைத் தெரியுமா? பிரேக்கை! “பழைய பிரேக்கே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள்.

இது மகா ஆபத்து.

வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல. நாலு மடங்கு! 40 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டரில் நிற்கிற வண்டி, 80 கிலோமீட்டர் வேகத்தில் 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். அந்த 30 மீட்டருக்குள் ஒரு குழந்தை வந்துவிட்டால்?

பெரிய என்ஜின் எடையும் அதிகம். முன்பக்கம் கனத்தால் ஸ்பிரிங் அமுங்கும். வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. ஆகவே என்ஜினுக்குப் பட்ஜெட் போடுகிறவர், பிரேக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் முதலில் பணத்தை எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் இருந்தால்தான் என்ஜின். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பெயிண்டில் பிடிக்கலாம். பெயிண்டு இல்லாத வண்டியால் யாரும் செத்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பணக் கணக்கு முடிந்தது. இனி சட்டக் கணக்கு.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. அதன் 52-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

மீறினால்? 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். அல்லது 6 மாதம் வரை ஜெயில். அல்லது இரண்டும்!

பழுதான என்ஜினுக்குப் பதிலாக, அதே கம்பெனியின் அதே ரக என்ஜினைப் போடுவது வேறு. அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். புது என்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

கியாஸ், பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கும் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால், அரசாங்கம் ஒப்புக்கொண்ட கருவித் தொகுப்பைத்தான் பொருத்த வேண்டும்.

அனுமதி இல்லாத என்ஜினோடு ரோட்டில் போய் விபத்து நடந்தால், இன்சூரன்சு கம்பெனி கையை விரிக்க இடம் உண்டு. அப்போது குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

ஆகவே, சொந்தமாகச் செய்த காரை எங்கே ஓட்டப் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். பந்தயத் தடமா? சொந்தத் தோப்பா? கல்லூரிப் போட்டியா? அதற்கு ஒரு கணக்கு. பொது ரோடு என்றால், இன்றைய சட்டத்தில் அந்த ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

கல்லூரி மாணவர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ‘பாஹா’ என்ற போட்டி இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது. மாணவர்களே வண்டியை வடிவமைத்து, செய்து, ஓட்ட வேண்டும். அதில் வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை. செலவுக் கணக்கையும் நடுவர்கள் பார்க்கிறார்கள். அதற்கும் மார்க் உண்டு! கணக்கும் என்ஜினீயரிங்கில் ஒரு பாடம் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

கதவும் வேண்டும், காவலும் வேண்டும்

இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அரசாங்கத்துக்கும் சொல்ல ஒன்று உண்டு.

கட்டுப்பாடு தேவையா? தேவைதான். கண்டபடி என்ஜின் மாற்றிய வண்டிகள் ரோட்டில் ஓடினால் உயிருக்கு ஆபத்து. புகை பெருகும். திருட்டு என்ஜின்களுக்குச் சந்தை பிறக்கும். சட்டத்தின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், பயம் இருக்கிறது என்பதற்காகக் கதவையே சுவர் வைத்து அடைக்கலாமா?

இங்கிலாந்தில், வீட்டில் செய்த காரை அரசாங்கப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். பிரேக், விளக்கு, புகை, சீட் பெல்ட், கூர்மையான முனைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். தவறினால் திருப்பி அனுப்புகிறார்கள். தேறினால் நம்பர் கொடுக்கிறார்கள். கதவும் இருக்கிறது, காவலும் இருக்கிறது.

நம் நாட்டில் புது மாதிரி வண்டியைச் சோதித்து ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. ஆனால், அது ஆயிரக்கணக்கில் வண்டி செய்கிற தொழிற்சாலைகளுக்காக அமைந்த முறை. ஒரே ஒரு வண்டி செய்கிறவனுக்கு அதற்குள் நுழைய வழி இல்லை.

அவனுக்காகத் தனியாக ஒரு பரிசோதனை முறை வேண்டும். நியாயமான கட்டணம் வைக்கட்டும். கண்டிப்பாகச் சோதிக்கட்டும். இன்ன வேகத்துக்கு மேல் போகக்கூடாது, இன்ன ரோட்டில் மட்டும்தான் போகலாம் என்று நிபந்தனை போடட்டும். ஆனால், தேறியவனுக்கு நம்பர் கொடுக்கட்டும்.

கதவு இருந்தால் என்ன லாபம்? கதவு இருந்தால்தான், திறமை உள்ளவன் சட்டத்துக்குள் வருவான். பிரேக்குக்குச் செலவு செய்வான். பில் வாங்கி வைப்பான். கதவே இல்லாவிட்டால், அவன் இருட்டில் ஓட்டிப் பார்ப்பான். அதுதான் பெரிய ஆபத்து.

1952-ல் கோவையில் ஒரு கார் நின்றுபோனது. அது விலைக்கு வந்திருந்தால் இந்தியாவின் கதை எப்படி மாறியிருக்குமோ, யார் கண்டது? இனி ஒரு காரும் அப்படி நிற்கக்கூடாது.

அடுத்த கார் மின்சாரக் காராகக்கூட இருக்கலாம். பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு மின் மோட்டார் பூட்டும் வேலைக்கு இன்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற தொகுப்பு மட்டும் வேண்டும். மோட்டார் செய்வது கோவைக்குப் புதிதா? 1937-லேயே உள்நாட்டு மின் மோட்டாரைச் செய்து காட்டிய ஊர் அது. நாளைக்கு அந்தத் தொகுப்புகளைச் செய்து விற்கிற பட்டறை கணியூரில் பிறந்தாலும் ஆச்சரியம் இல்லை.

அதற்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை மட்டும் போதாது. பென்சில் பிடிக்கத் தெரிந்த கையும் வேண்டும். நூல் விலையைக் கேட்டதும் பனியன் விலையைச் சொல்லாத ஊர், என்ஜின் விலையைக் கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டலாமா?

முதலில் காஸ்டிங். பிறகு கார்!